தும்மினால் ஒரு நன்றி... துயில் எழுந்தால் ஒரு நன்றி!

பீச்சிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்தது 'தாம்பரம் சானடோரியம்'. கேட்டுக் கேட்டு நமக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயராகிவிட்டது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் பெயர் அது. 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது. நெஞ்சு நிறைய ஒரு தரம் மூச்சு இழுத்து விடுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அங்கே படுத்து எழுந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நன்றாக இருக்கும்போதே அதை நினைத்துப் பார்க்க இஸ்லாத்தில் சின்னச் சின்ன துஆக்கள் இருக்கின்றன. பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ முஸ்லிம் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்கள், நாளுக்குப் பத்துத் தடவையாவது 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று பொருள்.

காலையில் கண் விழித்ததும் முதல் நன்றி. தூக்கத்தை ஒரு சின்ன மரணமாகவே பாவித்து, திரும்ப எழுப்பிவிட்டதற்காகச் சொல்வது. தும்மினாலும் அல்ஹம்துலில்லாஹ்தான். கேட்டவர், 'அல்லாஹ் உங்களுக்கு இரக்கம் காட்டட்டும்' என்பார். தும்மியவர் பதிலுக்கு அவருக்காக துஆ கேட்பார். மூன்று தடவைக்கு மேல் தும்மினால்? அவருக்கு ஜலதோஷம், பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஹதீஸிலேயே இருக்கிறது! தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம்.

பலருக்கு ஆச்சரியமாக இருப்பது, கழிவறையை விட்டு வெளியே வந்ததும் சொல்லும் துஆதான். உபாதையை நீக்கி சுகத்தைத் தந்ததற்கு நன்றி சொல்கிறார்கள். 'இதற்கெல்லாமா?' என்று சிரிக்காதீர்கள். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே தள்ளுகின்றன. இந்த வேலை நின்றுபோனவர்கள் வாரம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு மணிக்கணக்கில் படுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறவருக்கு, எரிச்சலோ, சொட்டுச் சொட்டாகப் போவதோ, நிறம் மாறியதோ சீக்கிரமே தெரிந்துவிடும். ரயிலில் போகும் பெண்கள் பலர் 'பாத்ரூம் போக வேண்டி வருமே' என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அவர்கள் அவசியம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

உடம்புக்கும் காதுக்கும் கண்ணுக்கும் தனித்தனியே சுகம் கேட்கும் துஆ ஒன்று உண்டு. காலையும் மாலையும் மூன்று முறை ஓதுவார்கள். மனிதனுக்கு 360 மூட்டுகள், ஒவ்வொன்றுக்காகவும் தினமும் ஒரு தர்மம் செய்ய வேண்டும், முற்பகலில் இரண்டு ரக்அத் ளுஹா தொழுதால் அத்தனைக்கும் ஈடாகும் என்றும் ஹதீஸ் உண்டு. முட்டி வலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தும் தொழலாம்.

நோயாளி ஒருவரைப் பார்த்தால், அந்தக் கஷ்டத்திலிருந்து தன்னைக் காத்ததற்கு நன்றி சொல்லும் துஆவும் இருக்கிறது. ஆனால் அதை அவர் காதில் விழாதபடி மனசுக்குள் சொல்ல வேண்டும் என்கிறார்கள் மார்க்க அறிஞர்கள். எவ்வளவு நாசூக்கு! 1990-களில் சானடோரியத்தில் எய்ட்ஸ் நோயாளிகள் நிறையச் சேர்ந்தபோது, காது கேட்கவே ஏதேதோ பேசியவர்கள் எத்தனை பேர்!

துஆ சொல்லிவிட்டோமே என்று மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது. 'வைத்தியம் செய்துகொள்ளுங்கள்' என்று சொன்னவரும் அதே நபிகள் நாயகம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்கால ஜுரம், எடை குறைவு என்று இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம்தான். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான், அடுத்த தடவை அந்த மருந்தே கேட்காமல் போகிறது.