லாண்டரி ரசீதின் பின்பக்கம்

இரண்டாயிரம் ரூபாய் லினன் சட்டையை டிரை வாஷுக்குப் போட்டால், காலரில் மஞ்சள் பூத்து, கை மடிப்பில் நூல் விட்டு வருகிறது. கேட்டால் ரசீதைத் திருப்பிக் காட்டுவார்கள்: ‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ அதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது.

சென்னை உயர் நீதிமன்றம் 1960-களிலேயே இதைத் தீர்த்துவிட்டது. லில்லி வொயிட் லாண்டரியில் சலவைக்குப் போட்ட புடவை தொலைந்தது. தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தார்கள். கடைக்காரரின் அலட்சியத்துக்கு இடம் கொடுக்கும் அந்த நிபந்தனை செல்லாது என்பது தீர்ப்பு.

இன்று கையில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. திண்டிவனத்தில் இருப்பவர் சேவைக் குறைபாடு என்று விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். திண்டிவனத்துக்காரர் புதுச்சேரியிலோ சென்னையிலோ துணி போட்டிருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் வழிவிடுகிறது.

ஆனால் தவறு யாருடையது என்று காட்ட வேண்டும். வீட்டில் நாமே பிளீச்சிங் பவுடர் போட்டு இழையை நைத்திருந்தால் வழக்கு நிற்காது. லினன் ஆளி நார்; நனைந்தால் வலுக்கூடும். துணியின் லேபிள் தடுக்காவிட்டால் மிதமான சோப்புத்தூளும் பச்சைத் தண்ணீரும் போதும், டிரை வாஷே தேவைப்படாது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள். காய்ந்த பிறகு அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று தடம் விழும். வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குக் கெட்டிக் கஞ்சி மோகம் அதிகம். விறைத்த துணியை ஒரே கோட்டில் மடித்து மடித்துத் தேய்க்க, அந்தக் கோட்டில்தான் நார் முதலில் முறியும்.

கொடுக்கும்போதே துணியைப் போனில் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கறையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சட்டை வாங்கிய பில்லையும் வைத்திருங்கள். கெட்டுப்போன துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். முக்கியச் சாட்சி அதுதான். தள்ளுவண்டி இஸ்திரிக்காரரிடம் பேசித் தீர்த்துக்கொள்வதே நியாயம் என்பேன். பெரிய கடை மழுப்பினால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.