குழந்தையைக் கட்டிக்கொள்ளும் முன்...

என் இரண்டு குழந்தைகளும் கரோல் பாக்கில் ஒரு வாடகை வீட்டில் தூளியில் வளர்ந்தவர்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஆனாலும் பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டி, காலால் ஆட்டிக்கொண்டே அரிசி களைந்து, காய் நறுக்கி எப்படியோ வளர்த்துவிட்டேன்.

இப்போது என் மகள் இருப்பது மாளவியா நகரில், நாலாவது மாடியில். கூரை முழுவதும் பொய்க்கூரை. கொக்கி அடிக்க இடமே இல்லை. பேத்தியோ தரையில் படுக்க வைத்தால் அழுகிறாள். தோளில் போட்டால் தூங்குகிறாள். மூன்று வாரம் தூக்கியதில் என் வலது கட்டை விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வலி எடுத்துவிட்டது. சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. குழந்தையை ஓயாமல் தூக்குகிறவர்களுக்கு அந்த இடத்துத் தசைநார் வீங்குவது சகஜம் என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை பார்த்தார். ஒரு நாள் கடையிலிருந்து ஒரு துணிப்பை வாங்கி வந்தார். ஒரு பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு, பை போலத் தொங்கும் அதற்குள் குழந்தையைப் படுக்க வைக்கலாம். "நம்ம தூளியை அப்படியே தோளில் மாட்டின மாதிரி இருக்கு, பாருங்க அத்தை" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைகள் இரண்டும் விடுதலையான சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆறாவது வாரத் தடுப்பூசி ஜனவரியில் வந்தது. டில்லிக் குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி போட்டுவிட்டு மெட்ரோவில் திரும்பினோம். மகள் எதிர் இருக்கையில் கண்ணயர்ந்துவிட்டாள். குழந்தை என்னிடம், அந்தப் பைக்குள். குளிர் படக்கூடாதே என்று மேலே சால்வையையும் போர்த்தியிருந்தேன். அழுது களைத்துத் தூங்குகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னாள். சால்வையை விலக்கினேன். பேத்தி பையின் அடியில் சுருண்டு கிடந்தாள். முகவாய் நெஞ்சில் அழுந்தியிருந்தது. மூச்சு குறட்டை போல இழுத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. அந்தப் பெண்தான் கையை நுழைத்துக் குழந்தையை வெளியே எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். இரண்டு விநாடிக்குப் பிறகு ஒரு இருமல், அப்புறம் வீல் என்று அழுகை. ஒரு குழந்தையின் அழுகைக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் இரண்டாவது தடவை. முதல் தடவை பிரசவ அறை வாசலில்.

அந்தப் பெண் மிசோரத்தைச் சேர்ந்தவள். அவர்கள் ஊரில் புவான் என்ற நெய்த துணியால் குழந்தையை உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொள்வார்களாம். "தொங்க விடக்கூடாது ஆன்ட்டி, ஒட்டிக் கட்ட வேண்டும்" என்றாள். இந்த விஷயத்தில் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

எங்கே தவறினேன்?

மறுநாளே குழந்தை டாக்டரிடம் ஓடினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு அவர் விளக்கினார். நாலு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலையோ உடம்புக்குப் பெரியது. சுருண்ட நிலையில் முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் ஒடுங்கிவிடும். அல்லது மூக்கும் வாயும் துணியில் புதைந்துவிடும். இரண்டிலும் குழந்தையால் சத்தம் போட முடியாது. தூங்குகிறது என்றே நினைப்போம்.

இது என் ஒருத்தியின் அனுபவம் அல்ல. அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் இதே வகைத் துணித் தூளிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் இவற்றோடு தொடர்புடைய 14 மரணங்கள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நாலு மாதம் நிரம்பாதவர்கள்.

அப்படியானால் குழந்தையைக் கட்டிக்கொள்வதே தப்பா? இல்லை. எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். இங்கிலாந்தில் இதற்கு ஐந்து விதிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அவற்றைத் தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டேன்.

1. துணி இறுக்கமாக, குழந்தை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொய்வு இருந்தால் குழந்தை சரியும்.

2. குனிந்து பார்த்தால் முகம் எப்போதும் தெரிய வேண்டும்.

3. தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தமிட முடிகிற உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும்.

4. முகவாய் நெஞ்சில் முட்டக்கூடாது. இடையில் ஒரு விரலாவது நுழைய வேண்டும்.

5. முதுகுக்குத் தாங்கல் இருக்க வேண்டும். முதுகில் கை வைத்து லேசாக அழுத்தினால் குழந்தை மடங்கக்கூடாது.

என் பை இந்த ஐந்திலும் தோற்றுப்போனது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. கத்தரித்துக் குப்பையில் போட்டேன். வேறு வீட்டுக் குழந்தைக்கும் அது வேண்டாம்.

காலைப் பாருங்கள்

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் இடுப்பு மூட்டு. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பாலும் மெல்லிய குருத்தெலும்புதான். முதல் ஆறு மாதத்தில் காலை நேராக நீட்டிச் சேர்த்துக் கட்டினால் மூட்டு சரியாக உட்காராமல் போகக்கூடும். ஜப்பானில் 1970களில், கைக்குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுவதும் எடுத்துச் சொன்ன பிறகு இந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்தது.

ஆகவே கேரியரில் குழந்தை தவளை போல உட்கார வேண்டும். தொடைகள் விரிந்து, முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயரத்தில். அடித்துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை தாங்க வேண்டும். அடித்துணி குறுகலாக இருந்து கால்கள் தொங்கினால் குழந்தைக்கும் சுகமில்லை, சுமப்பவருக்கும் சுகமில்லை. நம் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்களே, அது இதே தவளை நிலைதான்! யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

எதை வாங்கலாம்?

கடையில் இப்போது கிடைப்பவை முக்கியமாக நாலு வகை.

நீளத்துணி: நாலரை, ஐந்து மீட்டர் இருக்கும். உடம்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். சின்னக் குழந்தைக்கு மிகவும் நல்லது. கட்டப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். இழுபடும் பனியன் துணியாக இருந்தால் குழந்தை கனத்த பிறகு தொய்யும்; நெய்த துணி தொய்யாது.

வளையத் துணி: தோளில் இரண்டு வளையங்களில் கோத்து இழுப்பது. மாட்ட, கழற்ற, பால் கொடுக்க சுலபம். ஆனால் பாரம் முழுவதும் ஒரு தோளில். என் போன்ற தோள்வலிக்காரர்களுக்கு அரை மணிக்கு மேல் தாங்காது. இதிலும் குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

நாலு பக்கமும் பட்டை வைத்துத் தைத்த சதுரத்துணி: சீனத்து வகை. இடுப்பில் ஒரு முடிச்சு, தோள்மேல் போய் ஒரு முடிச்சு. ஒல்லியானவர், பருமனானவர் யாருக்கும் பொருந்தும்.

பக்கிள் வைத்த கேரியர்: இடுப்புப் பெல்ட்டும் அகலமான தோள்பட்டைகளும் கொண்டது. நாங்கள் கடைசியில் வாங்கியது இதுதான். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் பாரம் தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போய்விடுகிறது. மாப்பிள்ளையும் நானும் அளவை மாற்றி மாறி மாறிப் போட்டுக்கொள்கிறோம்.

வாங்கும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டே போங்கள். பொம்மையை வைத்துப் பார்த்தால் தெரியாது. மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள் நடங்கள், ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். எத்தனை கிலோவிலிருந்து போடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நம் குழந்தைகள் பல பேர் மூன்று கிலோவுக்குள் பிறக்கிறார்கள், ஆகவே அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். யாரோ கொடுத்த பழையதானால் தையல், பக்கிள், வளையம் எல்லாவற்றையும் இழுத்துச் சோதியுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம். சிசேரியன் ஆன தாய்மார்களும் பெல்ட் தையல் மேல் அழுத்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

"புடவையே போதாதா?" என்று என் சம்பந்தி அம்மாள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஐந்தரை மீட்டர் நூல் புடவை நீளத்துணியின் வேலையைச் செய்யும், தெரிந்தவரிடம் கட்டக் கற்றுக்கொண்டால். ஆனால் நைந்த புடவை திடீரென்று கிழியும், பட்டும் நைலானும் வழுக்கும். முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டி ஒத்திகை பாருங்கள்.

டில்லிக்குத் தனியாக இரண்டு வார்த்தை

ஜூன் மாதத்தில் இரண்டு உடம்புச் சூடும் சேர்ந்துவிடும். மெல்லிய பருத்தியே போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு வெளியே கிளம்புங்கள். குளிர்காலத்தில் கேரியரும் ஒரு சட்டைதான். உங்கள் உடம்புச் சூடும் உண்டு. ஸ்வெட்டர் ஒன்றைக் குறைக்கலாம். குல்லாய் போடுங்கள், ஆனால் சால்வையால் முகத்தை மூடாதீர்கள். இதை நான் சொன்னால் நம்புவீர்கள்தானே?

குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு அடுப்பில் நிற்காதீர்கள். ஸ்கூட்டரில் ஏறாதீர்கள். காரில் கேரியர் பாதுகாப்பு ஆகாது, அதற்குக் குழந்தை இருக்கைதான். எதையாவது எடுக்க வேண்டுமானால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள், ஒரு கை குழந்தையின் மேல் இருக்கட்டும். ஜான்சி ராணி சிலையில் பார்க்கிறோமே, அப்படி முதுகில் கட்டுவதெல்லாம் குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு. வெளிப்பக்கம் பார்க்க வைப்பதும் கழுத்து நன்றாக நின்ற பிறகுதான், அதுவும் கொஞ்ச நேரம். தூக்கம் வந்தால் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும்.

"எந்நேரமும் தூக்கினால் கைச்சூடு பழகிவிடும், அப்புறம் இறங்கவே இறங்காது" என்று எதிர் வீட்டு மாமி பயமுறுத்தினார். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1986ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அழுதாலும் அழாவிட்டாலும் தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். இதைச் சொன்னேன். மாமி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் "கொஞ்ச நேரம் எனக்குக் கட்டிவிடேன்" என்று வந்து நின்றார்.

பேத்திக்கு இப்போது ஏழு மாதம். மாலையில் மாப்பிள்ளை அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, அவர் தலையைத் தாழ்த்தி அவள் உச்சியில் ஒரு முத்தம் கொடுப்பார். கொஞ்சல் பாதி, சோதனை பாதி. மெட்ரோவில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டோம். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதினேன். நீங்களும் ரயிலில், பஸ்ஸில், கோயிலில் ஒரு கைக்குழந்தையின் முகம் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் சங்கோஜப்படாமல் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.