பயனர் விவரப் புலங்களும் பாடப்பொருள் அணுகலும்: உளுந்தூர்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிப் பாடத்தளங்களில் ஒரு பாடப்பொருளை யார் காணலாம், யார் காணலாகாது என்பதைப் பயனரின் விவரப் புலங்களைக் கொண்டு வரையறுக்கும் வசதி உள்ளது. அவ்வசதி இயங்கும் முறையை மூடுல் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மாவட்டப் பிரிப்பும் பல்கலைக்கழக இணைப்பு மாற்றமும் அடுத்தடுத்து நிகழ்ந்த உளுந்தூர்பேட்டை வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு, புலத்தில் எழுதப்பட்ட மதிப்பு மாணவரின் உண்மை நிலையிலிருந்து விலகும்போது நேரும் விளைவுகளை ஆராய்கிறது. எவ்வகைப் புலங்களை நிபந்தனையாக்கலாம் என்பதற்கான நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, மூடுல், பயனர் விவரப் புலம், அணுகல் கட்டுப்பாடு, ஒருங்குறி, கள்ளக்குறிச்சி.

முன்னுரை

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு குறிப்பை வழங்கும்போது அதனைப் பெறாத மாணவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். பெறாதவரும் கேட்டுப் பெற்றுக்கொள்வார். இணையவழிப் பாடத்தளத்தில் நிலைமை வேறு. அங்கு ஒரு பாடப்பொருள் தமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது என்பதையே மாணவர் அறியாமல் இருக்கக்கூடும். அறியாத ஒன்றைக் குறித்து முறையிடவும் இயலாது. எனவே, அணுகலைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்ப அமைப்புகளைக் கணினித் துறையினர் மட்டுமன்றிப் பாடம் நடத்தும் மொழியாசிரியர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகிறது.

பாடத்தளங்களுள் பரவலாகப் பயன்படுத்தப்படுவது மூடுல் ஆகும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இம்மென்பொருளின் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியானது. கட்டற்ற மென்பொருளாதலின் கல்வி நிறுவனங்கள் கட்டணமின்றித் தம் வழங்கியில் இதனை நிறுவிக்கொள்ள இயலும். 2010இல் வெளியான இரண்டாம் பதிப்பில் நிபந்தனைக்குட்பட்ட அணுகல் என்னும் வசதி அறிமுகமாயிற்று. பல நிபந்தனைகளை ஒன்றனுள் ஒன்றாக இணைத்து அமைக்கும் முறை 2014இல் வெளிவந்த 2.7ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

கட்டுப்பாடு இயங்கும் முறை

மூடுலில் ஒரு பாடப்பொருளுக்கு நாள், முந்தைய மதிப்பெண், குழு, பயனர் விவரம் முதலிய பல அடிப்படைகளில் அணுகல் நிபந்தனை விதிக்கலாம். இவற்றுள் பயனர் விவரம் என்பது மாணவரின் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ள செய்தியைக் குறிக்கும். ஊர், நாடு, நிறுவனம், துறை, அடையாள எண், மின்னஞ்சல் போன்றவை மென்பொருளோடு வரும் இயல்புப் புலங்கள். பயிற்றுமொழி, பருவம், மாவட்டம் போன்றவற்றைத் தள நிருவாகி தனிப்புலங்களாக உருவாக்கிக்கொள்ளலாம்.

நிபந்தனை மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, புலம். இரண்டாவது, ஒப்பீட்டு முறை. மூன்றாவது, ஒப்பிடப்படும் மதிப்பு. ஒப்பீட்டு முறையைச் சமமாக இருத்தல், உள்ளடக்கியிருத்தல், உள்ளடக்காதிருத்தல், குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்குதல், முடிதல், வெறுமையாக இருத்தல், வெறுமையாக இல்லாதிருத்தல் எனத் தெரிவு செய்யலாம். "துறை என்னும் புலம் தமிழ் என்பதற்குச் சமமாக இருத்தல் வேண்டும்" என ஆசிரியர் அமைத்தால், அவ்வாறு பதிவுடைய மாணவர்க்கு மட்டுமே பாடப்பொருள் திறக்கும். மாணவர் நுழையும் ஒவ்வொரு முறையும் இவ்வொப்பீடு நிகழ்கிறது. புலம் மாறினால் அணுகலும் மாறும். புலம் வெறுமையாக இருந்தால் சம ஒப்பீடு நிறைவேறாது.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் அருகில் ஒரு கண் குறியீடு உண்டு. கண் திறந்திருந்தால், தகுதி பெறாத மாணவர்க்குப் பாடப்பொருளின் பெயர் மங்கலாகத் தெரியும். இன்ன நிபந்தனை நிறைவேற வேண்டும் என்னும் வாசகமும் தோன்றும். கண் மூடியிருந்தால் பாடப்பொருள் இருப்பதற்கான சுவடே மாணவரின் திரையில் இராது. இச்சிறு குறியீட்டின் விளைவு பெரிது என்பது பின்வரும் பகுதிகளில் தெளிவாகும்.

இத்தகைய கட்டுப்பாடு தேவையற்றதன்று. பகுதி 1 தமிழ்ப் பாடத்தை இளங்கலை, இளம் அறிவியல், இளம் வணிகவியல் மாணவர் பலரும் பயில்கின்றனர். ஒரே பாடத்தளத்தில் அனைவரையும் சேர்த்து, துறைக்குரிய பயிற்சிகளை மட்டும் அவ்வத்துறையினர்க்குக் காட்டுவதால் ஆசிரியரின் பணிச்சுமை குறைகிறது. மாணவரும் தமக்குத் தொடர்பில்லாதவற்றுள் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் எழுவது, எந்தப் புலத்தை நிபந்தனையாக ஆக்குகிறோம் என்பதில்தான்.

மாறும் எல்லைகளும் மாறாத பதிவுகளும்

புலத்தின் மதிப்பு மாணவரைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும், உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நாளில் எவரோ எழுதிய பதிவு மட்டுமே. உளுந்தூர்பேட்டை இதற்குத் தக்க சான்றாகும். இவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கியது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்டபோது அதன்கீழ் வந்தது. எனினும், உளுந்தூர்பேட்டைச் சட்டமன்றத் தொகுதி விழுப்புரம் மக்களவைத் தொகுதியிலேயே உள்ளது. ஆகவே, 2019க்கு முன்னர் வழங்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு கணக்குத் தொடங்கிய மாணவர் விழுப்புரம் என்றும், அவருடைய தம்பி கள்ளக்குறிச்சி என்றும் எழுத வாய்ப்புண்டு. இருவர் எழுதியதும் ஆவணச் சான்றுடையதே.

இவ்வட்டாரக் கல்லூரிகளின் பல்கலைக்கழக இணைப்பும் மாறியுள்ளது. விழுப்புரம், கடலூர் வட்டாரக் கல்லூரிகள் முன்னர் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஓராண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்களின்போது மாணவர் தம் கல்லூரியை விட்டு நகரவில்லை. ஆயினும், நிறுவனம் என்னும் புலத்தில் பல்கலைக்கழகப் பெயரை எழுதும் தளமாயின், மூன்று வேறு மதிப்புகளுக்கு இடமுண்டாகிறது.

இனி ஒரு கற்பனைச் சூழலைக் கருதலாம். உளுந்தூர்பேட்டையில் உள்ள ஒரு கல்லூரி, கள்ளக்குறிச்சி மாவட்ட மாணவர்க்கென ஓர் இணைப்புப் பாடத்தை உருவாக்கி, "மாவட்டம் கள்ளக்குறிச்சிக்குச் சமம்" என நிபந்தனை விதித்துக் கண் குறியீட்டை மூடிவிடுகிறது. விழுப்புரம் எனப் பதிவுடைய மாணவர் நாள்தோறும் தளத்துக்கு வந்தும் அப்பாடத்தைக் காணமாட்டார். பிழைச்செய்தியும் தோன்றாது. தேர்வுக்குப் பின்னரே, அதுவும் நண்பர் வாயிலாகவே, அவர் அதனை அறிய நேரும். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவராயின் இழப்பு இன்னும் மிகும். அலைபேசி இணைப்புக் கிடைக்கும் இடத்துக்கு வந்து பாடத்தைத் தரவிறக்கிக்கொண்டு திரும்புபவர்க்கு, பட்டியலில் இல்லாத ஒன்றைத் தேட நேரமும் இராது. தேட வேண்டும் என்னும் எண்ணமும் எழாது.

எழுத்துவடிவ வேறுபாடுகள்

கணினி ஒப்பிடுவது பொருளை அன்று; எழுத்துக் குறியீடுகளையே. மாணவர் தாமே தட்டச்சுச் செய்யும் புலத்தில் உளுந்தூர்பேட்டை என்றும், வலிமிகுத்து உளுந்தூர்ப்பேட்டை என்றும் எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஊர்ப்பெயரின் ஈற்றுப்பகுதியைச் சுருக்கியும் விரித்தும் எழுதுவர். கல்வராயன் மலை, கல்ராயன் மலை என்னும் இரு வழக்குகளும் உள்ளன. மனிதர்க்கு ஒன்றாகத் தோன்றும் இவை சம ஒப்பீட்டில் வெவ்வேறானவை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் ஒப்பீட்டைப் பாதிக்கும்.

கண்ணுக்கே புலப்படாத வேறுபாடும் உண்டு. இம்மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூர் என்னும் பெயரில் 'கோ' என்பதை ஒருங்குறியில் இரு முறைகளில் சேமிக்க இயலும். ககரத்தை அடுத்து ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாக அமைப்பது ஒரு முறை. ஏகாரக் குறியையும் காலையும் இரு குறியீடுகளாக அடுத்தடுத்து அமைப்பது மற்றொரு முறை. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என வரையறுக்கிறது. திரையிலும் அவை ஒன்றாகவே தோன்றும். ஆனால், நிகராக்கம் செய்யாமல் நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு சொற்கள். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் வரும் சொற்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். பெயரைச் சரியாக எழுதிய மாணவரும் விசைப்பலகையின் வேறுபாட்டால் விலக்கப்படலாம் என்பது இதனால் பெறப்படுகிறது.

பூட்டப்படாத புலமும் ஆசிரியரின் பார்வையும்

கட்டுப்பாட்டின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. ஊர், துறை முதலிய இயல்புப் புலங்களை நிருவாகி பூட்டிவைக்காவிட்டால் மாணவர் தம் விவரப் பக்கத்தில் அவற்றைத் தாமே மாற்றிக்கொள்ள இயலும். கண் குறியீடு திறந்திருந்தால் எந்த மதிப்பை எழுதினால் பாடப்பொருள் திறக்கும் என்பதையும் தளமே அறிவித்துவிடுகிறது. ஆகவே, வினாத்தாள் போன்ற மறைக்க வேண்டியவற்றுக்குப் பூட்டப்படாத புலம் காவலாகாது. பிழையாகப் பதிந்த நேர்மையான மாணவர் வெளியே நிற்க, புலத்தை மாற்றியவர் உள்ளே செல்லும் நிலையும் ஏற்படும்.

ஆசிரியரின் பார்வையில் இக்குறை தென்படுவதில்லை. இயல்பான அமைப்பில் ஆசிரியர் பங்கு உடையவர்க்கு எல்லாப் பாடப்பொருள்களும் தெரியும். நிபந்தனையின் வாசகத்தை அவர் காண்பார்; அந்நிபந்தனையால் விலக்கப்பட்டவர் யார் என்பதைக் காணமாட்டார். மாணவர் பங்குக்கு மாறிப் பார்த்தாலும் ஒப்பீடு ஆசிரியரின் சொந்த விவரங்களைக் கொண்டே நிகழும். மாணவரின் நிலையை அறிய, வெவ்வேறு மதிப்புகளைக் கொண்ட மாதிரி மாணவர் கணக்குகள் வழியாக நுழைந்து பார்ப்பதே உரிய வழியாகும்.

வெளிப்படுத்தலாகாத விவரங்கள்

கண் குறியீட்டைத் திறந்துவைத்தல் மாணவர்க்கு முறையிடும் வாய்ப்பைத் தருகிறது. ஆனால், நிபந்தனை வாசகம் புலத்தின் பெயரையும் மதிப்பையும் சேர்த்தே காட்டும். துறை, பருவம் போன்றவற்றில் இதனால் தீங்கில்லை. கல்வராயன் மலையில் பழங்குடியினராகிய மலையாளிகள் வாழ்கின்றனர். அவர்களுக்கான உதவிப் பாடம் ஒன்றை இனம் என்னும் புலத்தால் கட்டுப்படுத்தினால், அப்பாடம் யாருக்குரியது என்பது வகுப்பு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டதாகிவிடும். கண்ணை மூடினால் தவறாகப் பதியப்பட்டவர் தம் உரிமையை அறியாமற்போவார். இம்முரண் கண் குறியீட்டால் தீர்வதன்று. அத்தகைய புலத்தை நிபந்தனையாக்காதிருப்பதே தீர்வாகும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தம்மைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமையை வழங்குகிறது. தம் பதிவு எது, அதனால் எது தடுக்கப்படுகிறது என்பதை அறிந்தவரே அவ்வுரிமையைப் பயன்படுத்த இயலும்.

நடுவணரசின் தீக்‌ஷா தளம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்குப் பயனர் தம் கல்வி வாரியம், பயிற்றுமொழி, வகுப்பு ஆகியவற்றைத் தெரிவு செய்கிறார். அதற்கேற்பப் பாடப்பொருள்கள் முன்னிறுத்தப்படுகின்றன. தெரிவு தவறினால் பயனரே மாற்றிக்கொள்ளலாம். இங்கு விவரம் வழிகாட்டியாகப் பயன்படுகிறது, தடையாக நிற்பதில்லை.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

முதலாவதாக, நிறுவனமே பதிந்து பேணும் புலங்களையே நிபந்தனையாக்குதல் வேண்டும். துறை, பருவம், பயிற்றுமொழி ஆகியன இத்தகையன. அவற்றை மாணவர் திருத்த இயலாதவாறு பூட்டுதல் வேண்டும்.

இரண்டாவதாக, தட்டச்சுச் செய்யும் பெட்டிக்கு மாற்றாகத் தெரிவுப் பட்டியலாகத் தனிப்புலத்தை அமைத்தல் வேண்டும். எழுத்துவடிவ வேறுபாடுகள் இதனால் நீங்கும்.

மூன்றாவதாக, மாவட்டம், பல்கலைக்கழகம் போன்று அரசாணையால் மாறக்கூடிய மதிப்புகளைத் தவிர்த்தல் நலம். தவிர்க்க இயலாவிடின், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் "எதுவாயினும் ஒன்று" என்னும் முறையில் இணைத்தல் வேண்டும். பதிவுகளை மொத்தமாகப் புதுப்பிக்கும் வரை இவ்வமைப்பு நீடிக்கலாம்.

நான்காவதாக, துறை, பருவம் போன்ற பொது விவரங்களில் கண் குறியீட்டைத் திறந்தே வைத்தல் வேண்டும். பதிவில் பிழையிருப்பின் யாரை அணுக வேண்டும் என்பதைப் பாட முகப்பில் குறிப்பிடுதல் வேண்டும்.

ஐந்தாவதாக, இனம், உடல்நிலை, உதவித்தொகை போன்றவற்றின் அடிப்படையில் உதவி வழங்க நேரின், பொதுப்பெயர் இட்ட குழுவை அமைத்து ஆசிரியரே மாணவரைச் சேர்க்கலாம். பொதுவான கற்றல் பொருளாயின் அனைவர்க்கும் திறந்துவிடுவதே எளிது.

முடிவுரை

பயனர் விவரப் புலத்தால் அணுகலைக் கட்டுப்படுத்தும் வசதி, பாடப்பொருளை ஒழுங்குபடுத்தும் கருவி என்ற அளவில் பயனுடையது. அது பதிவை ஒப்பிடுகிறதேயன்றி மாணவரை அறிவதில்லை. உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் மாவட்டப் பெயரும் பல்கலைக்கழக இணைப்பும் மாணவரின் செயலால் மாறவில்லை; அம்மாற்றத்தின் சுமை மட்டும் அவர்மேல் விழும் நிலை உள்ளது. பதிவுப் பிழையினும் தீங்கானது, அப்பிழையின் விளைவு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருசேரப் புலப்படாமற்போவதாகும். ஆதலின், நிபந்தனையை அமைக்கும் ஆசிரியர், யாருக்குத் திறக்கிறது என்பதோடு யாருக்குத் திறக்கவில்லை என்பதையும் பருவத்தின் தொடக்கத்திலேயே பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு அறிதல் கடமையாகும். இச்சரிபார்ப்புக்குச் செலவாகும் நேரம் சிறிது. அதனைச் செய்யாமையால் ஒரு மாணவர் இழப்பது ஒரு பருவக் கல்வியாக இருத்தல் கூடும்.