மூச்சு கொடுக்கப் பழக்கும் பொம்மை

பிறந்த குழந்தை அழவில்லை என்றால், பிரசவ அறையில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு நிமிட அவகாசம். ஈரம் போகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டும். இந்த முதல் நிமிடத்தைப் ‘பொன் நிமிடம்’ என்கிறார்கள்.

இந்தச் செய்முறையை முதன்முதலில் உயிருள்ள குழந்தையிடம் பழகிப் பார்க்க முடியுமா? அதற்காகத்தான் பொம்மைகள். நார்வேயின் ஸ்டாவங்கர் நகரத்தில் விளையாட்டுப் பொம்மைகள் தயாரித்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால், 1960இல் ‘ரெசுசி ஆன்’ என்ற பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். பின்னர் கணினியோடு இணைந்த பொம்மைகள் வந்தன. நாடி துடிக்கும், கண் இமைக்கும். விலையோ ஏழை நாட்டுச் செவிலியர் பள்ளிகளுக்கு எட்டாத உயரம்.

2010 வாக்கில் வந்த ‘நியோநேட்டலி’ வேறு வழியில் போனது. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய பிளாஸ்டிக் குழந்தை அது. உள்ளே 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் கையில் குழந்தையின் கனம் தெரியும். பயிற்றுநர் சிறு ரப்பர் குமிழை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும். இதில் கணினி எதுவும் கிடையாது.

கணினி அடுத்த தலைமுறையான ‘நியோநேட்டலி லைவ்’ பொம்மையில் சேர்ந்தது. அதிலும் ஆடம்பரமில்லை. பொம்மைக்குள் உணரிகள், பக்கத்தில் கம்பியில்லாமல் இணையும் ஒரு டேப்லெட், அவ்வளவுதான். மாஸ்க் ஓரமாகக் காற்று கசிவதும், தலை சரியான கோணத்தில் இல்லாததும், பையை அழுத்தும் வேகம் தவறுவதும் மேற்பார்வையாளர் கண்ணுக்கு எளிதில் படாது. டேப்லெட் இவற்றை உடனே காட்டிவிடும். நுரையீரலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும் என்பதால், பயிற்சிதோறும் புதிதாக ஒரு குழந்தையைக் கையாள்வதுபோல் இருக்கும். தனியாகப் பழகும் மாணவிக்குக்கூடத் தன் தவறு தெரிந்துவிடும். இதன் மிகப் பெரிய பயன் இதுதான்.

ஆனால் பொம்மையை வாங்கி வைத்தால் மட்டும் போதாது என்பதைத் தான்சானியாவின் ஹைடம் லூத்தரன் மருத்துவமனை காட்டியது. அங்கே முதலில் ஒருநாள் பயிற்சி நடந்தது. பொம்மையிடம் எல்லோருடைய கைத்திறனும் மேம்பட்டது. பிரசவ அறையில் மட்டும் மாற்றமில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதம் ஒருமுறை 40 நிமிடம், அதுவும் பணியிடத்திலேயே. பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. 2015இல் வெளியான இந்த முடிவு ஒவ்வொரு செவிலியர் பள்ளி முதல்வரின் மேசையிலும் இருக்க வேண்டியது. இப்படி அடிக்கடி எடுத்துப் பழகக் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பூட்டிய ஆய்வகத்தில் பத்திரமாக வைக்கப்படும் விலையுயர்ந்த பொம்மைக்கு இது வாய்ப்பதில்லை.

அந்த அனுபவம் பின்னர் தான்சானியாவின் ஐந்து மாகாணங்களில் 30 மருத்துவமனைகளுக்குப் பரவியது. பிரசவத்தின்போதும் பிறந்த முதல் நாளிலும் நேரும் சிசு மரணங்கள் ஆயிரத்துக்கு 15.3இலிருந்து 12.5 ஆகக் குறைந்ததாக 2025இல் ஆய்வு வெளியானது. கருவின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவி உட்பட வேறு சாதனங்களும் அத்திட்டத்தில் இருந்ததால், முழுப் பெருமையையும் பொம்மைக்குக் கொடுத்துவிட முடியாது. மேலும் அத்திட்டத்தில், ஒவ்வொரு மருத்துவமனையிலும் பதிவாகும் பிரசவ விவரங்களைப் பார்த்து, எங்கே தடுமாற்றம் இருக்கிறதோ அதற்கேற்ப அடுத்த பயிற்சியை அங்குள்ள பணியாளர்களே அமைத்துக்கொண்டார்கள்.