செடியின் பெயரால்

'கரியமில வாயு செடிகளின் உணவு' என்கிற வாக்கியத்தில் அறிவியல் பிழை ஏதும் இல்லை. பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் பிரதியை வாசிக்கிறவன் என்ற முறையில், இதை யார் சொல்கிறார், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று நான் கேட்டாக வேண்டியிருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் 'தி கிரீனிங் ஆஃப் பிளானட் எர்த்' என்றொரு வீடியோ படம் வந்தது. கரியமில வாயு பெருகினால் பூமி பசுமையாகும், விளைச்சல் கூடும் என்பது அதன் கதையாடல். பணம் போட்டது வெஸ்டர்ன் ஃப்யூயல்ஸ் அசோசியேஷன். மின் நிலையங்களுக்கு நிலக்கரி வழங்கும் அமைப்பு. நிலக்கரி விற்கிறவர் செடிக்கு வக்கீலாக வந்து நிற்கிறார்.

முதலில் இதிலுள்ள உண்மையைப் பார்த்துவிடலாம். இலைத்துளை வழியாக நுழையும் கரியமில வாயுவை ரூபிஸ்கோ என்கிற நொதி பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. இந்த நொதிக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு, ஆக்சிஜனையும் பிடித்துவிடும். காற்றில் கரியமில வாயு கூடினால் தடுமாற்றம் குறைகிறது. நெல்லும் கோதுமையும் வேகமாக வளர்கின்றன. இலைத்துளைகள் சுருங்குவதால் தண்ணீரும் மிச்சம். செயற்கைக்கோள் படங்களில் பூமியின் பசுமை கூடித் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சரி, செடிக்குச் சோறு கூடப் போட்டால் என்ன கெட்டுப்போச்சு?

சோளத்துக்கும் கரும்புக்கும் கரியமில வாயுவைத் தாமே திரட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால் பெரிய லாபமில்லை. நெல்லுக்குக் கிடைக்கும் லாபத்துக்கும் விலை இருக்கிறது. பத்து லட்சத்தில் சுமார் 550 பங்கு கரியமில வாயு உள்ள காற்றில், திறந்த வயல்களில் வளர்த்த பயிர்களின் ஆய்வு 2014இல் வெளிவந்தது. கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 சதவீதமும் புரதம் 6 சதவீதமும் குறைந்திருந்தன. அரிசியில் புரதம் சுமார் 8 சதவீதம். மாவுச்சத்து ஏறுகிறது, மற்றவை இறங்குகின்றன. பருப்பும் முட்டையும் வாங்க முடியாமல் சோற்றையே நம்பியிருப்பவர் தட்டில்தான் இந்தக் கழித்தல் நடக்கும். மூட்டையை எடைபோடும் கணக்கில் அவர் வரமாட்டார். அதோடு, இதே வாயுதான் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் நெல் பதராகிறது.

இனிச் செடியையே விசாரிக்கலாம். ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறுகிறது. வட பாதியில் கோடை வந்து இலைகள் தழைத்ததும் இறங்கும். பிறகு அடுத்த மே வரை ஏறும். செடிகளும் கடலும் நாம் வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியை வாங்கிக்கொள்கின்றன. மீதி தங்கிவிடுகிறது.

செடிகள் எடை குறைந்த கார்பன்-12ஐ விரும்பி எடுத்து, கார்பன்-13ஐக் கொஞ்சம் ஒதுக்குகின்றன. நிலக்கரி பழைய செடிதானே, அதிலும் அந்த ஒதுக்கல் பதிந்திருக்கிறது. அதன் கார்பன்-14 எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. இன்றைய காற்றில் கார்பன்-13இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. புதைந்த கார்பன் கலந்து கார்பன்-14 நீர்த்துப்போவதை 1955இலேயே மரவளையங்களில் ஹான்ஸ் சூஸ் காட்டிவிட்டார். கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது என்பதற்குச் செடியே எழுதிவைத்த சாட்சியம் இது.

உணவா, மாசா என்கிற எதிர்வுக்குள் நின்று வாதாடினால் விற்கிறவர் தப்பிவிடுவார். மூலக்கூறு ஒன்றுதான், எவ்வளவு, எத்தனை வேகத்தில், யார் செலவில் என்பவையே கேள்விகள். செடி வாய் திறக்காது என்கிற தைரியத்தில் அதன் பெயரால் எடுத்த படம் அது. அதே செடியின் இலையிலும் வளையத்திலும் இருப்பதை வாசித்தால், வக்கீலுக்கு எதிராகவே கட்சிக்காரர் சாட்சி சொல்வது தெரியும்.