உஷார்! காய்ச்சல் விட்டும் இடுப்புவலி விடவில்லையா?

ஏரல் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களே, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைய வேர்வை, விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தொழுவத்துக்குப் போவது என்று சில வாரம் ஓடியதா? இப்போது அடிமுதுகு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா? வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடப் போகாதீர்கள்! புரூசெல்லா கிருமி முதுகெலும்பில் இறங்கியிருக்கலாம்.

மாட்டைக் கன்னு வீச வைக்கிற அதே கிருமிதான். வீசிய கன்றிலும் இளங்கொடியிலும் அது மண்டிக் கிடக்கும். நாமோ இளங்கொடி விழாவிட்டால் வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விடுகிறோம். விழுந்ததைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிறோம். அதை நாய் இழுத்துப் போகிறது. தலைமுறை வழக்கம்தான், ஆனாலும் விட்டுவிடுங்கள். கையுறை போடுங்கள், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையில் சின்னக் கீறல் போதும், கிருமி ஏறிவிடும்.

பச்சைப்பாலும் ஆபத்துதான். 1887-இல் மால்டா தீவில் செத்த சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டார். அது ஆட்டிடமிருந்து வருகிறது என்று தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் கண்டுபிடித்தது 1905-இல். நூறு வருஷம் தாண்டியும் பிள்ளைக்குத் தெம்பு என்று ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் கொடுக்கிறார்களே, அதுதான் என் பயம்.

முதுகில் இறங்கினால் பெரும்பாலும் இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பையும் நடுத்தட்டையும் அரிக்கும். சீழ் கட்டி நரம்பை அழுத்தும். படத்தில் பார்த்தால் எலும்பு டி.பி. போலவே தெரியும். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் இதையும் ஓரளவு அடக்குவதால், வலி குறைந்த மாதிரி காட்டி மறுபடி வரும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "வீட்டில் ஆடு நிற்கிறது, போன மாசம் ஒன்று குட்டி வீசியது." இந்த ஒரு வார்த்தை கிடைத்தால்தான் புரூசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனை அவர் நினைவுக்கு வரும். எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

மருந்து உண்டு, குணமும் உண்டு. டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேரும். சாதாரணமாக 6 வாரம். முதுகெலும்பு என்றால் குறைந்தது 3 மாதம். வலி விட்டதும் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

கால் மரத்தாலோ, துவண்டாலோ, மூத்திரம் கட்டினாலோ ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதீர்கள். தூத்துக்குடியோ பாளையங்கோட்டையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.