பெற்றோருக்கு இல்லாத இரத்த வகை பிள்ளைக்கு வருமா?

தந்தைக்கு 'ஏ', தாய்க்கு 'பி', பிள்ளைக்கு 'ஓ'. பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக இரத்தம் பரிசோதித்த இடத்தில் இப்படி முடிவு வந்தால், சில வீடுகளில் முகங்கள் மாறிவிடுகின்றன. வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. விபரம் தெரியாத ஒரு சந்தேகம் ஒரு பெண்ணின் மீது பழியாக விழுந்துவிடக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

நம் ஒவ்வொருவருக்கும் இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. இதில் ஏ, பி இரண்டும் தம்மை வெளியே காட்டிக்கொள்ளும். ஓ காட்டிக்கொள்ளாது, மறைந்திருக்கும். ஆகவே 'ஏ' வகை என்று சொல்லப்படும் ஒருவரிடம் இரண்டு ஏ இருக்கலாம். ஒரு ஏ-யும் மறைந்த ஒரு ஓ-வும் இருக்கலாம். சாதாரணப் பரிசோதனை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. மேலே சொன்ன தந்தையும் தாயும் ஆளுக்கொரு ஓ-வை மறைத்து வைத்திருந்தால், பிறக்கும் பிள்ளை ஏ, பி, ஏபி, ஓ என நான்கில் எதுவாகவும் இருக்கலாம். நான்குக்கும் வாய்ப்பு சமம்.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். ஒருவர் ஏபி, மற்றவர் ஓ. இவர்களின் பிள்ளைகள் ஏ அல்லது பி வகையாகத்தான் இருப்பார்கள். அதாவது, ஒரு பிள்ளைக்குக்கூடப் பெற்றோரின் வகை வராது! இதுதான் இயல்பு.

பாசிட்டிவ், நெகட்டிவ் விஷயமும் இப்படித்தான். பெற்றோர் இருவரும் பாசிட்டிவ் என்றாலும், மறைந்திருக்கும் நெகட்டிவ் இரு பக்கமிருந்தும் சேர்ந்தால் பிள்ளை நெகட்டிவ் ஆகும்.

சரி, இருவருமே ஓ, பிள்ளை மட்டும் ஏ என்றால்? முதலில் மூவருக்கும் மறுபரிசோதனை செய்ய வேண்டும். சீட்டில் எழுதும்போது நேரும் தவறுகள் ஏராளம். அதன் பிறகும் மாறாவிட்டால் 'பாம்பே' வகையை நினைவில் கொள்ள வேண்டும். 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்து வெளியிட்ட அரிய வகை இது. ஏ, பி இரண்டும் உருவாக அடித்தளமாக இருக்கும் 'ஹெச்' என்ற பொருள் இவர்களின் இரத்தத்தில் இல்லை. அதனால் ஏ மரபணு இருந்தும் பரிசோதனையில் ஓ என்றே தெரியும். பிள்ளையிடம் அந்த ஏ வெளிப்பட்டுவிடும். இவர்களுக்குச் சாதாரண ஓ இரத்தம்கூட ஏற்றக்கூடாது, உயிருக்கே ஆபத்து. பாம்பே வகை இரத்தம்தான் வேண்டும்.

உண்மையில் கணவன் மனைவி தங்கள் இரத்த வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் கர்ப்ப காலம். தாய் நெகட்டிவ், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி டி' ஊசி போட வேண்டும். கருக்கலைந்தாலும் இந்த ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களைத் தாயின் உடலே அழிக்கத் தொடங்கலாம்.